குடியிருப்பறையுடன் கூடிய குதிரை டிரெய்லரைத் தேர்ந்தெடுத்தல்

குதிரை மனிதனைச் சுமந்து சென்ற காலம் மாறி, மனிதன் குதிரையை வண்டியில் ஏற்றிச் செல்லும் வழக்கம் ஏற்பட்டு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. 1836-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பென்டிங்கு பிரபு என்பவர், எலிஸ் என்ற பந்தயக் குதிரையை ஒரு கூண்டு வண்டியில் ஏற்றி, மாற்றுக் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்து, தெற்கே குட்வுட் என்னுமிடத்திலிருந்து வடக்கே டான்காஸ்டர் நகரத்துக்கு அனுப்பினார். அக்காலத்தில் பந்தயக் குதிரைகள் பல நாட்கள் நடந்தே பந்தயத் திடலை அடையும். ஆதலால், சில தினங்களுக்கு முன்வரை தெற்கே காணப்பட்ட குதிரை உரிய நாளில் வந்து சேராது என்று எண்ணிப் பணம் கட்டியவர்கள் ஏமாந்தனர். களைப்பின்றி வந்திறங்கிய எலிஸ், செயின்ட் லெஜர் பந்தயத்தில் வென்றது. குதிரை நடவாமல் செல்வதிலுள்ள லாபம் ஊரறிந்த விஷயமாயிற்று.

அந்தக் கூண்டு வண்டியின் வழிவந்ததே இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருவழக்காயிருக்கும் குதிரை டிரெய்லர். அதிலும் ஒரு வகை உண்டு. பின்பாதியில் இரண்டு, மூன்று அல்லது நான்கு குதிரைகள் நிற்பதற்கான அடைப்புக்களும், முன்பாதியில் மனிதர் தங்கும் அறையும் ஒரே கூண்டுக்குள் அமைந்திருக்கும். அறையில் படுக்கை, சிறு சமையலடுப்பு, குளிக்கும் இடம், கழிப்பிடம், குளிரூட்டும் யந்திரம் முதலியன அடங்கும். மாடுபிடிப் போட்டிகளுக்கும், குதிரைக் கண்காட்சிகளுக்கும், காட்டுப் பாதைச் சவாரிக்கும் செல்வோர் பல நாட்கள் திடலிலேயே தங்க நேரிடுவதால் இவ்வகை வண்டியை விரும்புகின்றனர். விடுதியில் படுத்துறங்கும் சொந்தக்காரருக்குத் தம் குதிரை நள்ளிரவில் வயிற்றுவலியால் புரள்வது தெரியாது. டிரெய்லரிலேயே படுத்திருப்பவருக்கு உடனே தெரியும். குதிரை காலை உதைக்கும்போதெல்லாம் தூக்கம் கெடுகிறதே என்று சிலர் குறைப்படுவதுண்டு. அது குறையன்று, அதற்காகவே அவர் அங்கே படுத்திருக்கிறார்.

ஆயினும், வீடும் கொட்டடியும் ஒரே சக்கரங்களின் மேல் ஏறியிருப்பதால் ஒரு தொல்லை உண்டாகிறது. வாங்க வருவோரை விற்பவர் முதலில் அறைக்குள் அழைத்துச் செல்கிறார். பளபளப்பான மர அலமாரியும், தோல் மெத்தையும், விளக்குகளும் கண்ணைக் கவர்கின்றன. குதிரை நிற்கும் பகுதியை எட்டிப் பார்ப்பதோடு சரி; வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பவர் நூற்றில் சிலரே. அறையின் குறைகளை மனிதன் முதல் இரவிலேயே கண்டு சொல்லிவிடுவான். தளத்தின் குறையைக் குதிரை வாய் திறந்து சொல்ல இயலாது. அறையும் குதிரையும் ஒரே எடைக் கணக்கிலும், ஒரே டயரிலும், ஒரே பிரேக்கிலும் பங்கு பெறுகின்றன. அறைக்குக் கூடுதலாகக் கொடுத்தது ஒவ்வொன்றும் குதிரையின் பங்கிலிருந்து எடுத்ததாகும்.

எடைக் கணக்கு

அமெரிக்காவில் எடையை ராத்தலில் கணக்கிடுவர். ஒரு ராத்தல் சுமார் 450 கிராம். ஒவ்வொரு டிரெய்லரிலும் உற்பத்தியாளர் பொருத்திய தகடு ஒன்று இருக்கும். வண்டியும், அதனுள் ஏற்றிய சகல பாரமும் சேர்ந்து எவ்வளவுக்கு மேற்படக்கூடாது என்பதும், ஒவ்வோர் இருசும் எவ்வளவு தாங்கும் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். இந்த மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதே குதிரைக்கும் மற்றெல்லாவற்றுக்கும் உரிய பாரம். இது மிக எளிய கழித்தல். எனினும் இதைச் செய்து பார்த்தபின் வாங்குவோர் குறைவு.

உதாரணமாக, தகட்டில் 14,000 ராத்தல் என்று குறித்த மூன்று குதிரை டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறைச் சாமான்களெல்லாம் பொருத்தியபின் வெறும் வண்டி 10,400 ராத்தல் நிற்கிறது. மிச்சம் 3,600 ராத்தல். சவாரிக் குதிரை ஒன்று 1,000 முதல் 1,200 ராத்தல் வரை இருக்கும். ஒன்றுக்கு 1,100 வீதம் மூன்று குதிரைக்கு 3,300 ஆயிற்று. எஞ்சியது 300. அறைக்குரிய தண்ணீர்த் தொட்டி 40 காலன் கொள்ளும் என்க. அமெரிக்கக் காலன் ஒன்றின் தண்ணீர் 8.3 ராத்தல் எடையுள்ளது. ஆகவே தொட்டி நிரம்பினால் 332 ராத்தல். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வேண்டிய நீரை ஏற்றியவுடனேயே கணக்கு 32 ராத்தல் மீறிவிட்டது. இன்னும் சேணங்களும் மற்றச் சாமான்களும் ஏறவில்லை. அவற்றுக்கு 100; ஆறு கட்டு உலர்புல்லுக்கு 300; தானியத் தீனி, வாளிகள், துணிமணி, உணவுப்பொருள் ஆகியவற்றுக்கு 200 என்று சுருக்கமாகவே வைத்தாலும், வண்டி 632 ராத்தல் அதிக பாரத்துடன் பெருஞ்சாலையில் ஓடும். ஒரு குதிரையை இறக்கிவிட்டால் சுமார் 470 ராத்தல் கையிருப்பு ஏற்படுகிறது. ஆகவே மூன்று குதிரை வண்டி என்று விற்கப்பட்டது, குடும்பத்தோடு புறப்படும்போது இரண்டு குதிரை வண்டியே ஆகும். மூன்றாவது அடைப்பு வெறும் அலங்காரம்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பல சமயங்களில் வண்டியின் கூண்டை ஒரு தொழிற்சாலை கட்ட, உள்ளறையை வேறொரு பட்டறை அமைத்துக் கொடுக்கிறது. விற்பவர் சொல்லும் வெற்றெடை, அறை அமைப்பதற்கு முன்னிருந்த கூண்டின் எடையாக இருக்கலாம். அலமாரி, குளிர்ப்பெட்டி, வெளியே தள்ளி நீளும் பக்கச் சுவர், கூரைமேல் வைத்த ஜெனரேட்டர் ஆகியவை பின்னர் ஏறியவை. ஆதலால் வாய்ச்சொல்லையும் அச்சிட்ட விளம்பரத்தையும் நம்பாமல், வண்டியை லாரிகள் எடைபோடும் மேடைக்குக் கொண்டுசென்று நிறுத்திப் பார்த்துவிடுவதே உத்தமம். அதற்கு ஆகும் கட்டணம் அற்பமானது. எடைபோட ஒப்பாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசுவது வீண்.

அறைக்கு எவ்வளவு நீளம் என்பதில்தான் வாங்குவோரின் ஆசை பெரும்பாலும் வளர்கிறது. எட்டடி போதும் என்று வந்தவர் பன்னிரண்டடியைக் கண்டபின் எட்டடியைத் திரும்பிப் பாரார். ஒவ்வோர் அடி நீண்டாலும் எடை ஏறும்; திருப்பத்தில் வண்டி அகல வளையும்; இழுக்கும் லாரியும் பெரிதாக வேண்டும்.

இழுக்கும் லாரியைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு டிரெய்லர்கள் லாரியின் பின்புறத்திலுள்ள கொக்கிக் குண்டில் மாட்டப்படுகின்றன. அறையுள்ள பெரிய டிரெய்லர்கள் பெரும்பாலும் ‘வாத்துக் கழுத்து’ எனப்படும் வகையைச் சேர்ந்தவை. முன்பாகம் வாத்தின் கழுத்தைப்போல் வளைந்து நீண்டு, பிக்கப் லாரியின் தட்டில், பின்னிருசுக்கு நேர்மேலே பொருத்திய குண்டில் அமரும். படுக்கை அந்தக் கழுத்தின் மேல்தான் அமைகிறது. பின்கொக்கி வண்டியில் மொத்தப் பாரத்தின் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கும், வாத்துக் கழுத்து வண்டியில் ஏறக்குறைய 20 முதல் 25 பங்கும் லாரியின் மேல் அழுந்த வேண்டும். மேற்கண்ட 14,000 ராத்தல் வண்டி, லாரியின் தட்டில் மட்டும் 2,800 முதல் 3,500 ராத்தல் வரை அழுத்தும். லாரி சுமக்கத்தக்க பாரம் அதன் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளில் எழுதியிருக்கிறது. லாரியில் ஏறும் ஆட்களின் எடையும் அதற்குள் அடக்கம். லாரிக்கு இழுக்கும் வலிமை இருக்கிறதே என்று மகிழ்வது போதாது. இறக்கத்தில் நிறுத்தும் வலிமையும் வேண்டும்.

முன்பாரமும் பின்பாரமும் நம் குடியானவருக்குப் புதியனவல்ல. மாட்டுவண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிகுந்தால் கழுத்து கன்றிப் புண்ணாகும். டிரெய்லரிலும் அதே நியாயந்தான். பின்பாரம் மிகுந்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கி, லாரியையும் சேர்த்துச் சாலையைவிட்டு இழுத்துவிடும். தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் எங்கே அமைந்திருக்கின்றன, அவை நிரம்பியபோதும் காலியானபோதும் பாரம் எப்பக்கம் சாய்கிறது என்று கேட்டறிய வேண்டுவது இதனாலேயே. கூரைமேல் உலர்புல் கட்டுக்களையும் ஜெனரேட்டரையும் ஏற்றுவது இடத்தைச் சேமிக்கிறது. ஆனால் வண்டியின் தலைக்கனத்தைக் கூட்டி, பக்கக் காற்றில் கவிழும் அபாயத்தை உண்டாக்குகிறது.

தளம்

மற்றெதைப் பார்க்காவிடினும் தளத்தைப் பார்த்தே ஆகவேண்டும். ஓடும் வண்டியில் தளம் உடைந்தால் குதிரையின் கால் பலகை வழியே இறங்கிச் சாலையில் உராயும். ஓட்டுபவருக்கு இது உடனே தெரிவதுமில்லை. அவர் நிறுத்திப் பார்க்கும்போது செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிராது. இந்தக் கொடுமை முற்றிலும் தடுக்கக்கூடியது.

குதிரை நிற்கும் தளத்தின்மேல் கனத்த ரப்பர் பாய்கள் விரிக்கப்பட்டிருக்கும். அவை வழுக்காமலும் அதிர்ச்சி தாக்காமலும் காக்கின்றன. ஆனால் அடியிலுள்ள கேட்டை மறைப்பதும் அவையே. மூத்திரமும் சாணமும் பாய்களின் இடுக்கு வழியே இறங்கித் தங்கி, மரமானால் உளுக்கச் செய்யும், அலுமினியமானால் அரித்துக் குழிகள் விழச் செய்யும், இரும்பானால் துருவேற்றும். பாய் ஒவ்வொன்றும் கனமானது, இருவர் சேர்ந்து இழுக்கவேண்டும் என்பதற்காக விற்பவர் தயங்கினால், வாங்குபவர் தாமே இழுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். மரத்தளமாயின் கூரிய குத்தூசி ஒன்றினால் பலகையின் ஓரங்களிலும், சுவரோடு சேரும் இடங்களிலும், குதிரையின் பின்னங்கால் நிற்கும் இடத்திலும் குத்திப் பார்க்கவேண்டும். நல்ல மரம் ஊசியை ஏற்காது; உளுத்த மரம் ரொட்டியைப்போல் உள்வாங்கும். அலுமினியத் தளமாயின் வெண்ணிறப் பொடி பூத்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று காணவேண்டும். அலுமினியத் தகடு இரும்புச் சட்டத்தின்மேல் நேராகப் படியும் இடங்களில், ஈரம் சேர்ந்தவுடன் இரு உலோகங்களின் சேர்க்கையால் அரிப்பு விரைவுபடும். இடையே தடுப்புப் பொருள் வைத்துக் கட்டியிருப்பது நல்ல வேலைக்கு அடையாளம். பிறகு வண்டியின் அடியில் புகுந்து, குறுக்குச் சட்டங்களையும் பற்றவைத்த இடங்களையும் விளக்கு வைத்துப் பார்க்கவேண்டும்.

மரத்தளம் என்று கேட்டவுடன் முகம் சுளிப்பவருண்டு. அது நியாயமன்று. மரம் உளுத்தால் பலகையை மாற்றிவிடலாம். ஊசியால் குத்தி அறியவும் எளிது. அலுமினியம் உறுதியானதேயாயினும், கழுவாமல் விட்டால் அதுவும் கெடும். எத்தளமாயினும் ஒவ்வொரு பிரயாணத்துக்குப் பின்னும் சாணத்தை வாரிவிட்டு, பாய்களைத் தூக்கி, தண்ணீர்விட்டுக் கழுவி உலரவிடுவோருக்கு நெடுநாள் உழைக்கும். அறையுள்ள டிரெய்லரில் மேலும் ஒரு கேடு: குளிக்கும் இடத்துக் குழாய் கசிந்தாலும், கூரைப் பொருத்து விட்டு மழைநீர் இறங்கினாலும், அறைக்கும் அடைப்புக்கும் இடையிலுள்ள சுவரின் உட்பக்கம் நனைந்து அழுகும். வெளியே அழகிய பலகை போர்த்தியிருப்பதால் தெரியாது. அச்சுவரின் அடியோரத்தைக் கையால் அழுத்திப் பார்ப்பதும், முகர்ந்து பார்ப்பதும் உபயோகமானவை.

குதிரை நிற்கும் இடம்

கூரை ஏழடி உயரமாவது இருக்கவேண்டும். உயர்ந்த சாதிக் குதிரைகளுக்கு ஏழரை அடி. தலை இடிக்கும் என்று ஒருமுறை அறிந்த குதிரை மறுமுறை ஏற மறுக்கும். இடம் இருண்டிருந்தாலும் மறுக்கும். சன்னல்களும் கூரைத் துவாரங்களும் ஓடும்போது திறந்திருக்கத்தக்கவையாய் இருத்தல் அவசியம். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா வாயுவும் உலர்புல்லின் தூசும் மூச்சுப் பையைக் கெடுக்கின்றன. குதிரையின் தலையை நெடுநேரம் உயர்த்திக் கட்டிவைத்தால், மூச்சுக்குழலில் சேரும் சளியும் தூசும் வெளியேறாமல் தங்கி, பிரயாணத்துக்குப்பின் கடுமையான சுவாசப்பை நோய் கண்டு இறப்பதும் உண்டு. ஆகவே மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தவிட்டு, தண்ணீர் காட்டவேண்டும். தலையைச் சற்றுத் தாழ்த்தும்படியான நீளமும் அகலமும் அடைப்பில் உண்டா என்பதை அளந்து பார்க்க வேண்டும். அறையை நீட்டுவதற்காக அடைப்பைக் குறுக்கிய வண்டிகளில் முதலில் குறைவது இந்த இடமே.

அறையுள்ள டிரெய்லர்கள் பெரும்பாலும் குதிரைகளைச் சாய்வாக, ஒன்றன் பக்கம் ஒன்றாக நிறுத்தும் அமைப்புடையவை. இதனால் நீளம் குறைகிறது. குறை என்னவெனில், முதலில் ஏறிய குதிரைக்கு ஏதேனும் நேர்ந்தால், பின்னால் நிற்பவற்றையெல்லாம் சாலையோரத்தில் இறக்கினாலன்றி அதனை வெளியே கொண்டுவர இயலாது. விரைந்தோடும் வாகனங்களின் நடுவே மிரண்ட குதிரைகளை இறக்குவது என்ன பாடென்று சொல்லவேண்டியதில்லை. முன் அடைப்புக்குத் தனிக் கதவு உள்ள வண்டி சற்று விலை கூடினும் வாங்கத்தக்கது. தடுப்புக்களின் தாழ்கள் ஒரு கையால் திறக்கத்தக்கவையாயும், குதிரை முழு எடையோடு சாய்ந்திருக்கும்போதும் திறக்கத்தக்கவையாயும் இருக்கவேண்டும். கூரிய முனையும், குளம்பு சிக்கத்தக்க இடுக்கும் இருக்கலாகாது.

ஏற்றும்போது பின்தடுப்பைப் போட்டபின்பே தலைக்கயிற்றைக் கட்டவேண்டும். இறக்கும்போது கயிற்றை அவிழ்த்தபின்பே பின்தடுப்பைத் திறக்கவேண்டும். வரிசை மாறினால், கட்டுண்ட குதிரை பின்வாங்கிக் கயிறு தடுக்கவே வெறிகொண்டு துள்ளும். இதில் கைவிரலை இழந்தவர்களும் உண்டு.

டயர், பிரேக்கு, கொக்கி

டிரெய்லர் வருஷத்தில் பெரும்பகுதி வெயிலில் சும்மா நிற்கிறது. அதனால் டயர் தேயாமலே கெடுகிறது. பூப்பொலிவு குறையாத டயரைக் கண்டு திருப்தியடைவது தவறு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு வருஷத்தையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருஷங்கள் சென்ற டயரை, பார்வைக்கு எவ்வளவு நன்றாயிருந்தாலும் மாற்றிவிடுதல் வேண்டும். புது டயர்களின் விலையை வண்டியின் விலையிலிருந்து குறைத்துப் பேசுவது நியாயமே. காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கும் என்பதால், புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்து பார்க்கவேண்டும். இரட்டை இருசு வண்டியில் ஒரு டயர் பழுதானால், குதிரைகளை இறக்காமலே, பக்கத்து டயரை ஒரு சாய்வுக் கட்டையின்மேல் ஏற்றிப் பழுதான சக்கரத்தைத் தூக்கிக்கொள்ளலாம். அந்தக் கட்டை ஒன்று வண்டியில் இருப்பது, அறையில் இருக்கும் எந்த நேர்த்தியான பொருளையும்விட மேலானது.

டிரெய்லருக்கு மின்சார பிரேக்கு உண்டு. ஓட்டுபவர் அதை லாரியிலிருந்து அடக்குகிறார். கொக்கி கழன்று டிரெய்லர் தனியே ஓடத் தொடங்கினால், ஒரு சிறு கம்பி இழுபட்டு, டிரெய்லரிலுள்ள பாட்டரி பிரேக்கைப் பிடிக்கச் செய்யும். இக்கம்பியை லாரியின் சட்டத்தில் மாட்டவேண்டுமேயன்றிக் கொக்கியிலோ பந்தோபஸ்துச் சங்கிலியிலோ மாட்டலாகாது. கொக்கியே கழன்றால் கம்பி இழுபடாமற் போகும். பாட்டரி உயிரற்றுக் கிடந்தால் இவ்வளவும் வீண். வாங்குமுன் கம்பியை இழுத்து, சக்கரம் பிடிக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிஷ வேலை. கொக்கிக் குண்டின் அளவும் கிண்ணத்தின் அளவும் ஒத்திருக்கவேண்டும். இரண்டங்குலக் குண்டின்மேல் 2 5/16 அங்குலக் கிண்ணம் பொருந்தியதுபோல் அமரும். முதல் மேட்டில் துள்ளிக் கழன்றுவிடும்.

மனிதர் தங்கும் அறை

அறையில் அபாயம் இரண்டு: வாயு, நெருப்பு. அடுப்பும் சூடேற்றியும் புரொப்பேன் வாயுவால் எரிகின்றன. அது காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோரம் படியும். ஆகவே அதைக் காட்டும் மணி தரைக்கு அருகில் இருக்கவேண்டும். அதனினும் கொடியது கார்பன் மோனாக்ஸைடு. நிறமில்லை, வாசனையில்லை, உறங்குபவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். குளிர் தாளாமல் சமையலடுப்பை ஏற்றிவைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்களும், ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியவர்களும் மடிந்திருக்கிறார்கள். ஜெனரேட்டரின் புகைக்குழாய் படுக்கையின் சன்னலுக்கோ குதிரையின் சன்னலுக்கோ அருகில் வாய்திறப்பது கூடாது. திடலில் பக்கத்தில் நிற்கும் வண்டியின் புகையும் நம் சன்னலுக்குள் புகும் என்பதை மறத்தலாகாது. எச்சரிக்கை மணியை அழுத்திச் சோதிப்பதோடு, அதன் பின்புறத்தில் குறித்துள்ள காலாவதி வருஷத்தையும் பார்க்கவேண்டும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அது கடந்திருக்கும்.

படுக்கை கழுத்தின்மேல் இருப்பதாலும், அடுப்பு அதற்கும் கதவுக்கும் இடையில் இருப்பதாலும், தீப்பற்றினால் வெளியேறும் வழி அடைபடும். படுக்கையருகில் ஆள் நுழையத்தக்க சன்னல் ஒன்று, உள்ளிருந்து தள்ளித் திறக்கும்படி இருத்தல் இன்றியமையாதது. வாங்குபவர் படுத்துப் பார்ப்பது வழக்கம். அச்சன்னல் வழியே இறங்கியும் பார்க்கவேண்டும். சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அறை எவ்வளவு சௌகரியமாயினும், வண்டி ஓடும்போது அதில் எவரும், குறிப்பாகக் குழந்தைகள், இருக்கலாகாது. சில ராஜ்யங்களில் சட்டமே தடுக்கிறது. ஓடும்போது வாயுக் குழாயை மூடிவைப்பதும் அவசியம்.

வண்டி வாங்குவதென்று தீர்மானிக்குமுன், தம் சொந்த லாரியில் மாட்டி, தம் சொந்தக் குதிரையை ஏற்றி, மேடு பள்ளமுள்ள சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். இறங்கிய குதிரை வியர்த்திருக்கிறதா, நடுங்குகிறதா, மீண்டும் ஏற மறுக்கிறதா என்பதைக் கவனித்தால், விற்பவர் சொல்லாதவை பல விளங்கும்.

நம் நாட்டில்

நம் நாட்டில் இவ்வகை டிரெய்லர்கள் வழக்கில் இல்லை, லாரிகளே உபயோகமாகின்றன. ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குக் கத்தியவாரி, மார்வாரி முதலிய குதிரைகள் வெகுதூரத்திலிருந்து வருகின்றன. சந்தைக்கு லாரி அமர்த்துவோர் தளத்தையும் தடுப்பையும் பற்றி மேலே கூறியவற்றைத் தம் வண்டியில் பார்த்துக்கொள்வது பெரிதும் பயன்படும். இந்திய அரசாங்கத்தின் 1978-ஆம் வருஷத்து விலங்குப் போக்குவரத்து விதிகளில் குதிரைக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. சாதாரண லாரியில் ஏற்றுவதானால் வழுக்காத பொருளைத் தளத்தில் பரப்பவேண்டும். பக்கம் தாழ்வாயிருந்தால் உயர்த்தவேண்டும். குதிரைக்குக் குதிரை இடையே 8 சென்டிமீட்டர் பருமனுக்குக் குறையாத மூங்கிலும், பின்புறம் விழாமல் தடுக்க இரண்டு உறுதியான கட்டைகளும் கட்டவேண்டும். எதிர்வரும் வாகனங்களால் காயம்படாதிருக்கத் தலைகள் இடப்பக்கம் நோக்கி நிற்கவேண்டும். ஒரு லாரிக்கு நான்கு முதல் ஆறு குதிரைகளுக்கு மேல் ஏற்றலாகாது. வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மிஞ்சலாகாது. பிரயாணத்துக்குத் தகுதியான நிலையில் இருப்பதாக மிருக வைத்தியரின் சான்றிதழும் உடன் செல்லவேண்டும்.

செங்கலும் உரமும் ஏற்றிவந்த லாரியை அன்று மாலையே குதிரைக்கு அமர்த்தும் வழக்கமும் உண்டு. அத்தகைய லாரியின் தட்டில் எரு மூட்டையின் ஈரம் நின்ற மூலைகளையும், பலகையை இருப்புச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஆணிகளின் சுற்றுப்புறத்தையும் குத்தூசியால் சோதித்தபின்பே மூங்கில் கட்டத் தொடங்கவேண்டும். மூங்கிலின் முனைகளில் சாக்கைச் சுற்றிக் கட்டினால் குதிரையின் விலா கிழிபடாது.